போன மாதம் எவ்வளவு மழை? மாத வானிலைச் சுருக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

காலையில் எழுந்ததும் போனை எடுத்து "இன்னைக்கு மழை வருமா?" என்று பார்ப்பது இப்போது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. பனியன் கம்பெனிக்கு டூவீலரில் கிளம்புகிறவர் பார்க்கிறார். டேபிள் பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவர், போட்ட பிரிண்ட் காயுமா என்று பார்க்கிறார். மூலனூர் பக்கம் மானாவாரி விதைத்தவரும் பார்க்கிறார். இவை எல்லாம் இனிமேல் நடக்கப்போவதைப் பற்றிய கேள்விகள். இதற்குப் பதில் சொல்வது முன்னறிவிப்பு.

இதே அளவு முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு. போன மாதம் உண்மையில் என்ன நடந்தது? "இந்த வருஷம் ஐப்பசியில மழையே இல்லைங்க" என்பார் ஒருவர். "என்னங்க சொல்றீங்க, எங்க வீதியில முழங்கால் அளவு தண்ணி நின்னுச்சு" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இதை நினைவை வைத்துத் தீர்க்க முடியாது, எழுதி வைத்த கணக்கு வேண்டும். அந்தக் கணக்குதான் மாத வானிலைச் சுருக்கம். அது எப்படித் தயாராகிறது, அதை எப்படிப் படிப்பது, நம் தொழிலுக்கும் வீட்டுக்கும் அது எப்படி உதவும் என்று இந்தப் பாடத்தில் பார்க்கலாம் வாங்க.

கணக்கு தொடங்கும் இடம்

நாட்டின் மழைக் கணக்கு ஒரு சின்னப் பாத்திரத்தில் தொடங்குகிறது. அதுதான் மழைமானி. திறந்த வெளியில் வைத்த மழைமானியில் சேர்ந்த நீரைத் தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுகிறார்கள். திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் எனப் பல இடங்களில் இப்படி அளக்கிறார்கள். மறுநாள் நாளிதழில் இடம்வாரியாக மழை அளவைப் படிக்கிறோமே, அது இங்கிருந்துதான் வருகிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், எல்லாக் கணக்கும் எளிதாகிவிடும். 10,000 சதுர அடி ஷெட் கூரை என்றால் சுமார் 929 சதுர மீட்டர். ஒரே நாளில் 40 மி.மீ. பெய்தால் அந்தக் கூரை மேல் விழுவது ஏறக்குறைய 37,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூன்று லோடு. மழைநீர் சேகரிப்புக் குழாய் சரியாக இருந்தால் அதில் பெரும்பகுதி தொட்டிக்கோ நிலத்துக்கோ போகும். இல்லாவிட்டால் சாக்கடைக்குப் போகும்.

தேதி விஷயத்தில் பலரும் குழம்புவார்கள். மழைக் கணக்கில் ஒரு 'நாள்' என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை. நவம்பர் 6 இரவு கொட்டிய மழை, நவம்பர் 7 என்ற தேதியில்தான் பதிவாகும். மாதக் கணக்குக்கும் இதே முறைதான். அக்டோபர் 31 மாலையில் பெய்த மழை நவம்பர் மொத்தத்தில் சேரும். "அன்னைக்கு அப்படிப் பெஞ்சுது, பதிவுல ஒண்ணுமே இல்லையே" என்று நினைக்கும்போது அடுத்த தேதியையும் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து டெல்லி வரை

இப்படிச் சேரும் தினசரி அளவுகளைப் படிப்படியாகத் தொகுக்கிறார்கள். நிலையத்தின் கணக்கிலிருந்து மாவட்டத்தின் கணக்கு வருகிறது. மாவட்டங்கள் சேர்ந்து வானிலை உட்பிரிவு ஆகிறது. நாடு முழுவதும் இப்படி 36 உட்பிரிவுகள் உள்ளன. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் சேர்ந்து ஒரே உட்பிரிவு. 36-ம் சேர்ந்தால் இந்தியாவின் கணக்கு.

இந்த வேலையை 1875-ல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை செய்கிறது. நம் பகுதிக்குச் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் பொறுப்பு. நாட்டின் காலநிலைத் தரவுகளைத் தொகுத்து மாதச் சுருக்கம் தயாரிப்பது புனேயில் உள்ள காலநிலை ஆராய்ச்சி மற்றும் சேவைகள் அலுவலகம். மாத முடிவை ஒட்டி, முடிந்த மாதம் எப்படி இருந்தது, அடுத்த மாதம் எப்படி இருக்கலாம் என்ற அறிக்கையை இத்துறை வெளியிடுகிறது. உலகின் மற்ற நாடுகளும் குறிப்பிட்ட நிலையங்களின் மாதச் சராசரிகளை ஒரே வடிவத்தில் உலக வானிலை அமைப்பின் வழியாகப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால்தான் "உலகிலேயே வெப்பமான மாதம்" என்றெல்லாம் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

மேலே போகப்போக விவரம் குறைந்துகொண்டே போகும். "தமிழ்நாட்டில் இயல்பான மழை" என்று செய்தி வந்தால், அதில் சென்னையும் இருக்கிறது, நீலகிரியும் இருக்கிறது, திருப்பூரும் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை பெருமளவு தடுத்துவிடுவதால் நம்முடையது மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. கிடைக்கும் மாவட்டம் இது. மாநிலச் செய்தியை வைத்து நம் ஊரை எடை போடாதீர்கள். மாவட்ட அட்டவணையை, முடிந்தால் உங்கள் தாலுகா அளவைப் பாருங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு சொற்கள்

மாதச் சுருக்கத்தைத் திறந்தால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நான்கே நான்குதான்.

1. இயல்பு அளவு. பல ஆண்டுகளின் சராசரி. இந்திய மழைக்கு இப்போது 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுகளின் சராசரியை எடுக்கிறார்கள். வெப்பநிலைக்கு 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகள். "போன வருஷத்தை விட அதிகம்" என்பது ஒரு ஒப்பீடு, "இயல்பை விட அதிகம்" என்பது வேறு ஒப்பீடு. இரண்டையும் கலக்கக் கூடாது.

2. விலகல். பெய்த மழைக்கும் இயல்புக்கும் உள்ள வித்தியாசம், சதவீதத்தில். ஓர் உதாரணம்: இயல்பு 150 மி.மீ., பெய்தது 105 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 45 மி.மீ. குறைவு. 45-ஐ 150-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 30. ஆக, மைனஸ் 30 சதவீதம்.

இந்தச் சதவீதத்தை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள்:

- பிளஸ் 60-ம் அதற்கு மேலும்: மிக அதிகம்
- பிளஸ் 20 முதல் 59 வரை: அதிகம்
- மைனஸ் 19 முதல் பிளஸ் 19 வரை: இயல்பு
- மைனஸ் 20 முதல் 59 வரை: குறைவு
- மைனஸ் 60 முதல் 99 வரை: மிகக் குறைவு
- மைனஸ் 100: மழை இல்லை

3. மழை நாள். 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பதிவானால்தான் அது மழை நாள். தூறல் போட்டு சட்டை நனைந்த நாளெல்லாம் இதில் வராது.

4. அதிகபட்ச ஒரு நாள் மழை. அந்த மாதத்தில் எந்த நாளில் மிக அதிகம், எவ்வளவு என்பது. ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பதிவானால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே அதி கனமழை.

நிறத்தில் ஏமாறாதீர்கள்

எச்சரிக்கை நிறங்கள் நமக்குப் பழக்கமானவை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, சிவப்புதான் உச்சம். மாத மழை வரைபடத்தில் இதே நிறங்களுக்குப் பொருள் வேறு. அதில் பச்சை என்றால் இயல்பு, நீலம் என்றால் அதிகம், சிவப்பு என்றால் குறைவு. மஞ்சள் என்றால் மிகக் குறைவு. அதாவது மழை வரைபடத்தில் சிவப்பை விட மஞ்சள்தான் மோசம். வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் வந்தால், அது எச்சரிக்கைப் படமா, மழைக் கணக்குப் படமா என்று முதலில் பாருங்கள். ஓரத்தில் உள்ள நிறக் குறிப்பைப் படிக்காமல் ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.

மொத்தம் மட்டும் பார்த்தால் போதாது

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: மாத மொத்தம் பாதிக் கதைதான் சொல்லும்.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு தாலுகாவில் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் நவம்பரில் 120 மி.மீ. பதிவானது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் 8 மழை நாட்கள், நாளுக்குச் சராசரியாக 15 மி.மீ. மண் ஊறி, கிணற்றில் ஊற்று எடுத்திருக்கும். நம் பெரியவர்கள் 'ஒரு உழவு மழை' என்று சொல்வார்களே, ஏர் ஓட்டும் அளவுக்கு மண்ணை நனைக்கும் மழை, அது சில தடவை கிடைத்திருக்கும். இரண்டாவது ஆண்டில் ஒரே ராத்திரி 95 மி.மீ., மீதி 25 மி.மீ. இரண்டு நாளில். ஓடை பெருகி, தாழ்வான லைன் வீடுகளில் தண்ணீர் புகுந்து, குடோனில் அடித்தட்டு பண்டல் நனைந்திருக்கும். பத்து நாள் கழித்து நிலம் மறுபடி காய்ந்திருக்கும். மாத மொத்தம் இரண்டுக்கும் ஒன்றே. வாழ்க்கையில் இரண்டும் ஒன்றா?

இது நாட்டு அளவிலும் நடந்திருக்கிறது. 2023-ல் தென்மேற்குப் பருவ மழை நாடு முழுவதும் நீண்டகாலச் சராசரியில் 94 சதவீதம். பார்த்தால் பெரிய குறை தெரியாது. மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அந்த ஆண்டு ஆகஸ்டில் இயல்பை விட 36 சதவீதம் குறைவு. 1901 முதல் உள்ள பதிவில் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் கிடையாது. செப்டம்பரில் இயல்பை விட அதிகமாகப் பெய்து கணக்கை ஓரளவு சரிக்கட்டியது. கணக்கு நேரானது, ஆகஸ்டில் வாடிய பயிர் நேராகவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் தென் மாவட்டங்கள் இதற்கு நேர் எதிரைப் பார்த்தன. டிசம்பர் 18 காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. திருப்பூர் மாவட்டம் ஒரு முழு ஆண்டில் பெறும் மழையை விட அதிகம், ஒரே நாளில்.

சதவீதமும் சில மாதங்களில் ஏமாற்றும். பிப்ரவரியில் நமக்கு இயல்பே சில மில்லிமீட்டர்தான். அந்த மாதத்தில் ஒரு சாயங்காலம் லேசாகப் பெய்தாலே "100 சதவீதம் அதிகம்" என்று வந்துவிடும். ஒன்றும் பெய்யாவிட்டால் "மைனஸ் 100" என்று வரும். இரண்டுமே பெரிய விஷயமில்லை. அக்டோபர், நவம்பரில் மைனஸ் 40 வந்தால்தான் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் நம் மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான்.

இன்னொன்று: மாதச் சுருக்கம் ஆங்கில மாதத்தில் வரும். நம் பேச்சு ஐப்பசி, கார்த்திகை. ஐப்பசி மழை அக்டோபர் பாதியிலும் நவம்பர் பாதியிலுமாகப் பிரிந்து கிடக்கும். ஐப்பசியைப் பற்றிப் பேச வேண்டுமானால் இரண்டு மாதத் தாளையும் சேர்த்துப் பார்க்கணும்.

நம் தொழிலுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஈரப்பதம். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 65 சதவீத ஈரப்பதம் உள்ள நிலையான சூழலில், முழுக்க உலர்ந்த 100 கிலோ பருத்திக்கு 8.5 கிலோ ஈரம் சேரும் என்பது வணிகக் கணக்கு. அடைமழை மாதத்தில் துணி எடை கூடும், வறண்ட மாதத்தில் குறையும். ஜி.எஸ்.எம். சரிபார்க்கும்போது "ரோல் சரியில்லை" என்று சண்டை போடுவதற்கு முன், அந்த மாதத்தின் ஈரப்பதத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பேக்கிங் செய்த பெட்டியில் பூஞ்சை பிடிக்கும் ஆபத்தும் ஈரமான மாதங்களில்தான் அதிகம்.

வெப்பம். 2024 இந்தியாவில் 1901-க்குப் பிறகு மிக வெப்பமான ஆண்டு. சராசரியை விட 0.65 டிகிரி செல்சியஸ் அதிகம். கேட்க சின்ன எண்ணாகத் தெரியும். இது நாடு முழுவதும், ஆண்டு முழுவதும் எடுத்த சராசரி என்பதால் சின்னதாகத் தெரிகிறது. வானிலை நிலையத்தில் வெப்பமானியை நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்கள். தகர ஷெட்டுக்குள் பவர்டேபிள் ஓட்டுகிறவருக்கும் அயர்னிங் மாஸ்டருக்கும் படும் சூடு அதை விட அதிகமாக இருக்கும். மாதச் சுருக்கத்தில் பகல் வெப்பத்தோடு இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் பாருங்கள். இரவு தணியாத மாதங்களில் உடம்புக்கு ஓய்வு கிடைக்காது. குடிநீர், இடைவேளை, மின்விசிறி ஏற்பாடுகளை எந்த மாதத்துக்குள் முடிக்கணும் என்று இரண்டு மூன்று ஆண்டுத் தாள்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சாயக்கழிவுநீர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிலைக்கு இந்தத் தொழில் அதன்பிறகு மாறியது. திறந்த தொட்டிகளில் மழை நேரடியாக விழும். 500 சதுர மீட்டர் தொட்டியில் 100 மி.மீ. பெய்தால் 50,000 லிட்டர் கூடுதல். தொட்டியில் எவ்வளவு இடம் விட்டு வைக்க வேண்டும் என்று சொல்வது மாதச் சராசரி இல்லை. கடந்த பல ஆண்டுகளின் அதிகபட்ச ஒரு நாள் மழை. மழை நாளில் நொய்யலிலோ உங்கள் ஊர் ஓடையிலோ தண்ணீர் நிறம் மாறினால், தேதி, நேரம், இடம், அன்றைய மழை அளவு, போட்டோ ஆகியவற்றோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் அனுப்புங்கள். விவரத்தோடு வரும் புகாருக்குப் பலம் அதிகம்.

வறட்சியும் காப்பீடும். ஒரு பகுதி வறட்சி பாதித்ததா என்று முடிவு செய்யும்போது முதலில் பார்க்கப்படுவது மழை விலகலும், தொடர்ந்து மழையில்லாத வாரங்களும்தான். 2016 வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் இயல்பை விட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. வெள்ளத்தில் நூல், துணி நனைந்து இன்சூரன்ஸ் கேட்பவருக்கும் அந்தத் தேதியின் மழைப் பதிவு தேவைப்படலாம். அப்போது காலை 8.30 விதியை மறக்காதீர்கள்.

போனில் எங்கே பார்ப்பது?

- இந்திய வானிலை ஆய்வுத் துறை இணையதளம்: மழைப் புள்ளிவிவரம் பகுதியில் நாடு, உட்பிரிவு, மாவட்டம் என்று வரைபடமும் அட்டவணையும் கிடைக்கும். மாவட்டவாரியாகக் கடந்த சில ஆண்டுகளின் மாத மழையும் உண்டு.
- சென்னை மண்டல வானிலை ஆய்வு மைய இணையதளம்: தமிழ்நாட்டின் தினசரி மழை அளவும் தமிழில் முன்னறிவிப்பும்.
- டி.என். அலர்ட் செயலி: தமிழ்நாடு அரசின் செயலி. எச்சரிக்கைகள், தினசரி மழை அளவு, நீர்த்தேக்கங்களின் இருப்பு ஆகியவற்றைத் தமிழில் பார்க்கலாம்.
- மௌசம், மேக்தூத், தாமினி செயலிகள்: மௌசம் பொதுவான வானிலைக்கு, மேக்தூத் விவசாயிகளுக்கு, தாமினி மின்னல் எச்சரிக்கைக்கு.
- அவசர உதவி: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

நீங்களே ஒரு மாதத் தாள் எழுதுங்கள்

அரசு நிலையம் உங்கள் வீதியில் இருக்காது. கோடை மழை ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் புழுதி பறக்கும். அதனால் சொந்தக் கணக்கும் இருந்தால் நல்லது. பெரிய செலவு ஒன்றும் கிடையாது.

1. அடியிலிருந்து மேல் வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடி கொண்ட கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். நடுவில் குறுகிய பாட்டில் வேண்டாம், கணக்கு தப்பும்.
2. மரம், சுவர், தண்ணீர் தொட்டியை விட்டுத் தள்ளி, திறந்த இடத்தில் சாயாமல் வையுங்கள்.
3. தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் நீரின் உயரத்தை அளந்து, கொட்டிவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் என்றால் 10 மி.மீ.
4. போனில் உள்ள ஷீட் செயலியில் தேதி, மழை, குறிப்பு என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். மழை இல்லாத நாளுக்கு 0 போடுங்கள். அளக்காத நாளை வெறுமையாக விடுங்கள். 0 வேறு, வெறுமை வேறு.
5. மாத முடிவில் நான்கு வரிச் சுருக்கம் எழுதுங்கள்.

அந்தச் சுருக்கம் இப்படி இருக்கலாம் (இது மாதிரி மட்டுமே):

*மொத்த மழை 84 மி.மீ. மழை நாட்கள் 5. அதிகபட்சம் 17-ஆம் தேதி 41 மி.மீ. தொடர்ந்து மழையில்லாமல் 12 நாட்கள். குறிப்பு: 17-ஆம் தேதி பாலத்தடியில் தண்ணீர் நின்றது, 18-ல் ஆட்கள் குறைவு, பிரிண்டிங் இரண்டு நாள் தாமதம்.*

கடைசியில் இருக்கும் 'குறிப்பு' வரி எந்த அரசு அட்டவணையிலும் கிடைக்காது. எத்தனை மில்லிமீட்டருக்கு எந்தப் பாலத்தடியில் தண்ணீர் நிற்கும், ஷிப்மென்ட் தேதியை எந்த மாதத்தில் இரண்டு நாள் தள்ளிக் கேட்கணும், கிணறு எத்தனை மழைக்குப் பிறகு ஏறும் என்பதெல்லாம் அங்கேதான் சேரும். உங்கள் டப்பாவின் அளவும் தாலுகா அளவும் பொருந்தாமல் போனால் பதற வேண்டாம். தினம் கொஞ்சம் வித்தியாசம் இயற்கைதான். மாதம் முழுக்க ஒரே பக்கமாக வித்தியாசம் வந்தால் டப்பா வைத்த இடத்தைச் சரிபாருங்கள்.

பள்ளி மாணவர்கள், குடியிருப்போர் சங்கங்கள், ஒரே காம்பவுண்டில் உள்ள யூனிட்டுகள் சேர்ந்தும் இதைச் செய்யலாம். வரும் ஒன்றாம் தேதி காலை 8.30-க்குத் தொடங்குங்கள். மாதம் முடிந்ததும் உங்கள் நான்கு வரியையும் மாவட்ட அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு வருடம் விடாமல் செய்தால் உங்கள் கையில் பன்னிரண்டு தாள்கள் இருக்கும். அடுத்த தடவை "மழையே இல்லைங்க" என்று யாராவது ஆரம்பித்தால், போனைத் திறந்து காட்டலாம்.